மொட்டை மாடியில் ஒரு விசாரணை

"அவரைத் தூக்கிட்டுப் போனீங்க, சரி. ஊர் பேர் தெரியாத ஆளைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நானெல்லாம் கயித்துல தொங்க மாட்டேன், சாமி!"

மொட்டை மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சொன்னார் மரியபுஷ்பம். கரையைக் கடந்த புயல், போகிற வழியில் வெண்ணந்தூரிலும் கொட்டித் தீர்த்திருந்தது. ஏரி நிரம்பி வழிந்து, அவர் வீட்டின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். சமையலறையிலிருந்து மிதந்து வந்த காஸ் சிலிண்டர் மாடிப்படியில் டங்கு டங்கென்று மோதிக்கொண்டிருந்தது. கணவர் தோமினிக், 'நான் முன்னால போறேன் புஷ்பம்' என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாக ஹெலிகாப்டருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மீட்புப் படை வீரன் ஜோஸ்வா, மரியபுஷ்பத்துக்காக இரண்டாவது முறை இறங்கியிருந்தான். அவனை இறக்கிவிட்ட ஹெலிகாப்டர், தன் காற்று அவர்களைத் தள்ளிவிடாதபடி சற்று விலகி வட்டமடித்தது.

"தண்ணி ஏறிக்கிட்டே இருக்குங்கம்மா. வாங்க, போயிடலாம்."

"மொதல்ல நீ யாரு, அதச் சொல்லு."

"பேரு ஜோஸ்வாங்க. சேலம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம்."

"நம்ம ஆளா? பூசைக்கெல்லாம் போவியா?"

"டூட்டி இல்லாத ஞாயித்துக்கெழமை தவறாம போவேனுங்க."

மரியபுஷ்பத்தின் ஒரு கை தொட்டியை விட்டது. ஜோஸ்வா நம்பிக்கையோடு பெல்ட்டை எடுத்தான்.

"குடிப்பியா?"

கை மறுபடியும் தொட்டிக்குப் போனது.

"டீ மட்டுந்தாங்க."

தலைக்கவசத்துக்குள் இருந்த வயர்லெஸ் கரகரத்தது. "என்ன கேக்கறாங்க?" என்றார் பைலட்.

"குடிப்பேனான்னு கேக்கறாங்க."

"சரி. பொறுமையா பதில் சொல்லு ஜோஸ்வா. அவசரப்படுத்தாத."

கயிற்றை இயக்கும் செந்தமிழன் குறுக்கே பாய்ந்தார். "பொறுமையா? எரிபொருள் குறையுது! பேச்சென்ன வேண்டிக் கெடக்கு? அந்தம்மாவ அப்படியே தூக்கிட்டு வாடா!"

"வேண்டாம். அவங்க கேட்டு முடிக்கட்டும்" என்றார் பைலட்.

மரியபுஷ்பம் சந்தேகத்தோடு பார்த்தார். "யார்கிட்ட முணுமுணுக்கற?"

"மேல இருக்கறவங்ககிட்டங்க."

மரியபுஷ்பம் பயபக்தியோடு வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அப்பா என்ன பண்றாரு?"

"மேட்டூர்ல கரண்ட் உத்தியோகம் பாத்து ரிட்டயர் ஆயிட்டாருங்க."

"உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"ஏன், கோவக்காரனா நீயி?"

ஜோஸ்வா மாடிப்படியை எட்டிப் பார்த்தான். சிலிண்டர் இன்னும் இரண்டு படி மேலே வந்திருந்தது. "இதுவரைக்கும் வரலீங்க" என்றான்.

"சமைக்கத் தெரியுமா?"

"ரசம் நல்லா வைப்பேனுங்க."

"என்ன ரசம்?"

'தக்காளி' என்று சொல்ல வாயெடுத்தான்.

"கொள்ளு ரசம்! கொள்ளு ரசம்னு சொல்லு!" பைலட் காதுக்குள் கத்தினார்.

"கொ... கொள்ளு ரசங்க."

மரியபுஷ்பத்தின் முகம் மலர்ந்தது. "இந்தக் காலத்துல கொள்ளு ரசம் வைக்கற பையனா! எங்க ஊட்டுக்காரருக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாது சாமி!"

வியப்பில் இரண்டு கைகளும் தொட்டியை விட்டு மோவாய்க்குப் போயின. அந்த ஒரு நொடி போதும். ஜோஸ்வா பெல்ட்டை மாட்டிக் கட்டை விரலை உயர்த்தினான். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்தது. தொட்டியின் மேல் மரியபுஷ்பம் மடக்கி வைத்திருந்த குடை, அந்தக் காற்றில் பறந்து பக்கத்து வீட்டுத் தென்னையில் போய் உட்கார்ந்தது. அடுத்த கணம் அவர் கால் தரையில் இல்லை.

"ஐயோ, மாதாவே!"

கண்களை மூடிக்கொண்டு ஜோஸ்வாவின் கழுத்தை நெரித்தார். தப்பித் தவறி ஒரு கண்ணைத் திறந்தபோது, தன் வீடு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது தெரிந்தது.

"உட்றாத சாமி! உட்றாத!" அவன் காதோரம் அலறினார். "எனக்கு ஒரே மக. வடக்க எங்கியோ உத்தியோகம் பாக்கறா. அவள உனக்கே கட்டிக் குடுக்கறேன்!"

"நெசமாவாங்க?"

நடுவானத்தில் கேட்கிற கேள்வியா அது?

"மாதா மேல சத்தியம்! கெட்டியாப் புடி!"

ஜோஸ்வா கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

செந்தமிழன் இருவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். ஓர் ஓரமாக, காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்த தோமினிக், வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு உசுரு போயி உசுரு வந்திருக்கு. உங்களுக்குச் சிரிப்பு வருதா?" என்று சீறினார் மரியபுஷ்பம்.

தோமினிக் இன்னொரு ஹெட்போனை எடுத்து மனைவியின் காதில் மாட்டிவிட்டு, முன் இருக்கையைக் கைகாட்டினார்.

பக்கத்தில் இருந்த துணை பைலட்டிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் திரும்பிய பைலட், தலைக்கவசத்தின் கறுப்புக் கண்ணாடியை மேலே தள்ளினார்.

"மாதா மேல சத்தியம் பண்ணிட்டு மாத்தக் கூடாதும்மா" என்றாள் மகள் அக்சிலியா. "பேரைக்கூடக் கேக்காம வேண்டவே வேண்டாம்னு சொன்னீங்களே, அந்தப் பையன் இவர்தான்!"