மந்தானாவின் மூக்கு

"கட்டு பிரிச்சதுக்கப்புறம் எங்கயாவது இடிச்சுக்கிட்டியாம்மா?" என்று கேட்டார் டாக்டர் ரஸ்தகார்.

"இல்ல டாக்டர். எங்கம்மா என்னைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பார்த்துக்கிட்டாங்க," என்றாள் மந்தானா.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா ஃபர்கொந்தே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

சென்ற வருடம் மந்தானாவின் மூக்கைத் திருத்தியது இதே டாக்டர்தான். திமில் போலிருந்த மேடு போய், தெஹ்ரானே திரும்பிப் பார்க்கும் மூக்கு வந்தது. இப்போது மூக்குத்தண்டு இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. அந்தப் பக்கத் துவாரத்தில் மூச்சே ஏறுவதில்லை. நீச்சல் குளத்துக்குப் போவதை அவள் விட்டுவிட்டாள்.

டாக்டர் மூக்கைப் பார்த்த பரிசோதனை விளக்கை அணைத்துவிட்டு, சரிசெய்யும் வழிகளைச் சொன்னார். ஊசி போட்டுப் பள்ளத்தை நிரவலாம். பார்வைக்குச் சரியாகும், மூச்சு வராது. மூச்சும் வர வேண்டுமென்றால் மறுபடி ஆபரேஷன்தான்; அதற்குக் காதுக் குருத்தெலும்பு இந்தச் சாய்வைத் தாங்காது. விலாவிலிருந்து எடுத்துத்தான் முட்டுக் கொடுக்க வேண்டும். மூக்கோடு சேர்ந்து விலாவும் வலிக்கும். ஏற்கெனவே தழும்பேறிய இடம் என்பதால் வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடத்துக்கு மேலாகும்.

"அதுவரைக்கும் பூ மாதிரி பார்த்துக்கணும். இன்னொரு தடவை சாஞ்சா, நிமிர்த்த யாராலயும் முடியாது."

பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஆனா நான் பண்ணல. வேற நல்ல டாக்டர்கிட்ட அனுப்புறேன். அடி எதுவும் படலேன்னா, தப்பு என் கைமேலதான். வயசாயிடுச்சு. இனிமே கத்தியைத் தொடுறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்."

மேசைக்கடியில் மந்தானா அம்மாவின் காலை மிதித்தாள். சொல்லாதே என்று அர்த்தம்.

ஃபர்கொந்தே சொல்லிவிட்டாள்.

"உங்க கைமேல தப்பில்ல டாக்டர். அடி பட்டுச்சு. நான்தான் அறைஞ்சேன்."

எந்த மாப்பிள்ளைக்குப் பிடிக்க வேண்டுமென்று மகளை நச்சரித்து மூக்கைத் திருத்த வைத்தாளோ, அந்த மாப்பிள்ளையே வேண்டாம் என்று மந்தானா சொன்ன மாலை அது. கட்டு பிரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கழுவக் கழுவ ரத்தம் நிற்கவில்லை. அதை இருவரும் அதன்பிறகு பேசிக்கொண்டதேயில்லை.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஃபர்கொந்தேவுக்கு. அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, ஆபரேஷனுக்கு நாள் குறிக்க டைரியைத் திறந்தார்.

"இந்தத் தடவை பொண்ணை யார் பார்த்துக்கப் போறாங்க, ஃபர்கொந்தே கானும்?" என்று மட்டும் கேட்டார்.

மந்தானா வாயெடுத்தாள். 'அம்மாதான்' என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து ஃபர்கொந்தே முந்திக்கொண்டாள்.

"என் தங்கச்சி பக்கத்து ஊர் கரஜ்ல இருக்கா. ரொம்பப் பொறுமைசாலி. அங்க இருக்கட்டும் டாக்டர்."

சொல்லிவிட்டு, மகள் மறுத்துப் பேசுவதற்காகக் காத்திருந்தாள்.

மந்தானா பையிலிருந்து போனை எடுத்து, சித்தியின் எண்ணைத் தேட ஆரம்பித்தாள்.