தண்ணி குடிக்கிற டைல்ஸ்

சூளகிரியில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு டைல்ஸ் எடுக்க மாதப்பனும் ஜோதிமணியும் ஓசூரில் ரசூல் பாயின் கடைக்கு வந்திருந்தார்கள்.

“போர்சலினே எடுத்துக்கங்க. செராமிக் மேலதான் பளபளப்பு, அடியில வெறும் மண்ணு” என்ற ரசூல், இரண்டையும் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினார். போர்சலினில் தண்ணீர் வழிந்தோடியது. செராமிக் உறிஞ்சிக்கொண்டது.

“ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் போர்சலின். சின்ன ரூமுக்கு சிமெண்டே போதும். அங்க யாரு இருக்கப்போறா?” என்றான் மாதப்பன். கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

ஜோதிமணி ஈரமான செராமிக்கைக் கையில் எடுத்தாள்.

“எனக்கு இதுதான் வேணும். இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க பாய்.”

“தண்ணி குடிக்கிறதப் போட்டுட்டு வருசா வருசம் பேத்தெடுக்கறதா?” மாதப்பன் எரிச்சலானான்.

அவள் அதை மூக்கருகே பிடித்தபடி நின்றாள். கல்லாவில் இருந்த ரசூலின் மனைவி ஃபகருன்னிசா அவளையே பார்த்தாள்.

“என் மூத்தவ வயித்துல இருந்தப்ப நானும் இப்படித்தான் ஈரச் சுவத்த மோந்துட்டுக் கெடந்தேன். எத்தன மாசம்மா?”

“மூணு. போன ரெண்டு தடவையும் சொன்னதும் கலைஞ்சிருச்சு. அதான் இவருகிட்டகூடச் சொல்லல.”

மாதப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போர்சலின் மேல் ஏறி நின்று, பாதத்தைத் தேய்த்துப் பார்த்தான்.

“அந்த செராமிக் ஒண்ண மட்டும் தனியா கட்டிக் குடுங்க பாய். சின்ன ரூமுக்கும் போர்சலினே போடுங்க. வழுக்கல.”