மேட்டு வீட்டுத் தண்ணீர்

"இந்த மாசமும் பதினாலு! பாத்தியா பியெதாத்? ஒத்தை ஆளுக்கு எதுக்குடி பதினாலு யூனிட் தண்ணி?"

நிடியா கணினித் திரையைத் தோழியின் பக்கம் திருப்பினாள். பியெதாத், ஹுமித்தா என்ற சோளக் கொழுக்கட்டையைச் சுற்றியிருந்த மடலைப் பிரித்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"மறுபடியும் உன் புருஷன் வீட்டு மீட்டரா? வேற வேலையே இல்லையா உனக்கு?"

வேலை நிறையவே இருந்தது. நகரக் குடிநீர் நிறுவனத்தின் தகவல் அமைப்புகள் எல்லாம் நிடியாவின் பொறுப்பு. மீட்டர் பார்ப்பவர்கள் கொண்டுவரும் அளவுகள் அவள் எழுதிய புரோகிராம்கள் வழியாகத்தான் வீட்டு ரசீதாக மாறிப் போகும். ஊரில் எந்தக் குழாய் எவ்வளவு ஓடுகிறது என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொண்டது ஒரே ஒரு குழாய்க்காகத்தான். சான் ரோக்கே மேட்டில், கணவன் எவாரிஸ்தோவின் நீலக் கதவு வீட்டுக் குழாய். பதினாலு மாதம் முன்புவரை அவள் வீடும் அதுதான்.

போன வருஷக் கார்னிவல் திருவிழா விருந்தில் அவன் ஒரு வார்த்தை விட்டான். அவள் பத்து வார்த்தை விட்டாள். துணிமணியை அள்ளிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தவள், அவன் வந்து கூப்பிடுவான் என்று வாசலையே பார்த்துக் கிடந்தாள். இரண்டு மாதம் ஆயிற்று. ரோஷமாவது ஒன்றாவது, நாமே போய்விடலாம் என்று முடிவெடுத்த அன்றைக்குத்தான் அந்த மீட்டர் கணக்கைத் திறந்து பார்த்துத் தொலைத்தாள். அவள் வெளியேறிய பிறகும் தண்ணீர் ஒரு சொட்டும் குறைந்திருக்கவில்லை.

"செடிக்கு ஊத்துவாரோ என்னமோ," என்றாள் பியெதாத்.

"அவரா? குடிச்ச கப்பைக் கழுவ மாட்டார். போன டிசம்பர்ல பத்தொம்பது ஓடியிருக்கு. அவங்கம்மா கிறிஸ்துமஸுக்கு வந்து தங்குனா அவ்வளவுதான் ஆகும். மாமியாரே புது மருமகளை ஏத்துக்கிட்டாச்சு! அதுவும் எப்படிப்பட்டவ? அச்சு அசல் என்னை மாதிரியே செலவு பண்றா. என் ஷவர், என் வாஷிங் மெஷின்..."

பியெதாத் பாதி ஹுமித்தாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நேர்லதான் போய்க் கேளேண்டி."

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?"

அந்தப் பயம்தான். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மேட்டடிவரை பஸ்ஸில் போய், இறங்காமலே திரும்பி வருவாளா? அவன் இருமல், அவன் போடும் கசப்புக் காபி, தூக்கத்தில் அவள் போர்வையை இழுக்கும் கை, எல்லாம் அவளுக்கு வேண்டியிருந்தது.

கைபேசி அதிர்ந்தது. நாத்தனாரின் குரல் செய்தி.

"அண்ணி, அண்ணன் இன்னிக்கு ஒரு மணி பஸ்ஸுக்குக் குவாயாகில் போறான். ராத்திரி ஸ்பெயினுக்கு பிளேன். அங்கேயே தங்கிடுவான் போல. ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி, நின்னுடுவான். எனக்குத் தெரியும்."

மணி பதினொன்றரை. மேட்டுக்கு டாக்ஸியில் போனால் இருபது நிமிடம்.

"போ," என்றாள் பியெதாத். "கைப்பையை எடு. மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நிடியா எழுந்தேவிட்டாள். பையையும் தோளில் மாட்டினாள். கண் மட்டும் திரைக்குப் போனது. பதினாலு.

"அவளையும் கூட்டிக்கிட்டுத்தானே போவார்," என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தாள். 'நல்லபடியா போகட்டும்' என்று நாத்தனாருக்குத் தட்டி அனுப்பிவிட்டு, கைபேசியை மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

ஒன்றேமுக்காலுக்கு மீட்டர் பார்க்கும் பெரியவர் தோன் அபெலார்தோ மூச்சு வாங்க உள்ளே வந்தார். யார் வீட்டுக் கதை எதுவும் அறியாத மனிதர்.

"எஞ்சினியரம்மா, ஒரு அளவு திருத்தணும். சான் ரோக்கே மேட்டுல, நீலக் கதவு வீடு. போன வருஷம் கார்னிவல் மழையில படிக்கட்டு சரிஞ்சுதே, அதுலேர்ந்து சுத்து வழியில நாங்க யாருமே அந்த மேட்டுக்கு ஏறலை. புதுப் படிக்கட்டு திறந்து இன்னிக்குத்தான் போனேன்."

"ஏறலையா? மாசாமாசம் அளவு வந்திருக்கே?"

"அது நீங்க எழுதிக் குடுத்த புரோகிராம்தானேம்மா? ஆள் போக முடியாத வீட்டுக்குப் போன வருஷம் அதே மாசக் கணக்குல இருக்கிற அளவைச் சிஸ்டமே போட்டுக்குது. அது உத்தேசம்னு திரையில தெரிஞ்சா ஜனங்க சண்டைக்கு வருவாங்கன்னு மேனேஜர்தான் மறைக்கச் சொன்னார். படிக்கட்டு சரிஞ்சப்ப நாங்கதான் அதை மேட்டு வீடுங்களுக்கு மட்டும் போட்டு விட்டோம், உங்ககிட்ட சொல்லலை. நிஜ மீட்டர் மாசம் மூணுகூட ஓடலை. ஒத்தை ஆளு, பாவம்."

நிடியா முந்தின வருஷக் கணக்கைத் திறந்தாள்; மாதத்துக்கு மாதம் அதே எண்கள். பதினாலு மாதமாக அவள் வயிறெரிந்து எண்ணிய குளியலும் துவையலும் சமையலும் அவள் செய்தவைதான்.

"ரசீதுல இத்தனை வந்தும் ஏன் சார் புகாரே குடுக்கலைன்னு கேட்டேம்மா," என்றார் தோன் அபெலார்தோ, தொப்பியால் விசிறிக்கொண்டே. "சிரிக்கிறார் மனுஷன். 'உங்க ரசீதுல மட்டும்தான்யா என் பொண்டாட்டி இன்னும் இந்த வீட்ல இருக்கா. அதையும் போய் நானே அழிக்கணுமா?'ன்னுட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஒரு மணி பஸ்ஸுக்கு இறங்கிட்டார்."