சிரிக்கத் தெரியாதவன்

மாமியார் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.

பிள்ளை பிழைத்துவிட்டது.

எங்கள் தாசிய மலையில் பிள்ளை பிறந்தால் உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து அழுவார்கள். பாவம், அதற்கு இனிமேல் பசி உண்டு, பல்வலி உண்டு, பனி உண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரோமாபுரிப் பட்டாளம் உண்டு. எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அழ வேண்டும்.

செத்துப்போனால் சிரிப்போம். செத்தவர் இதிலிருந்தெல்லாம் தப்பித்து, மலைக்குள்ளே இருக்கும் சல்மோக்சிஸ் சாமியிடம் விருந்துக்குப் போகிறார். அதற்கு எதற்கு அழுகை?

இந்த வீட்டில் என் முதல் பிள்ளைக்குச் சிரித்தார்கள். இரண்டாவதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

என் புருஷன் தர்சாவுக்குத்தான் அது வரவே வராது. ஆடு இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அப்போது மாமியார் அவன் தொடையைக் கிள்ளி, "ஒழுங்காச் சிரிடா. நீ அழுதா பிள்ளை பாதி வழியிலயே நின்னுடும்" என்று பல்லைக் கடித்தார்.

அதனால் இன்று விடிந்ததிலிருந்து வலியைவிட இந்தப் பயம்தான் என்னைத் தின்றது. இவர்கள் அழப்போகிறார்களா, சிரிக்கப்போகிறார்களா?

அழுதார்கள். மாமியார் நன்றாகவே அழுதார்.

"என் தங்கமே, போயும் போயும் இந்த ஓட்டைக் கூரைக்குக் கீழயா வந்து பொறந்த? உங்கப்பன் கட்டின கூரைடி இது."

ஒப்பாரியிலும் மகனை ஒரு குத்து. பெண் பிள்ளை என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் நாத்தனார் ஸீனா மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. வலிகூட இல்லை. மாமியாரின் உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை விழுந்திருந்தது. நெட்டை மனுஷி, இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. கீழே படுத்திருக்கிறவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் யோசிக்கவில்லை.

பிறகு மருத்துவச்சி மாமியாரின் காதில் என்னவோ சொன்னாள்.

அழுகை நின்றது.

முதலில் ஸீனா சிரித்தாள். அப்புறம் மருத்துவச்சி. அப்புறம் மாமியார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

இதுவுமா?

"பிள்ளையைக் காட்டுங்க" என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை. வெளியே காத்திருந்த அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்துகொண்டு, சிரித்தபடியே உள்ளே வந்தார்கள். அவர்களோடு தர்சாவும் வந்தான். அவன் நேரே பிள்ளையைத்தான் பார்த்தான். சிரிப்பைக் கேட்டு அவனும் என்னைப் போலவே நினைத்திருப்பான்.

அந்த நேரத்தில் பிள்ளை வீறிட்டது. ஸீனாவின் மடியில், கம்பளிக்குள்ளிருந்து சிவந்த கால் ஒன்று உதைத்தது. முரட்டுக் கால்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

"கெட்டிக்காரிதான்" என்றார் மாமியார். என் படுக்கையைப் பார்த்துச் சொன்னார். "பனி விழுறதுக்குள்ள தப்பிச்சுட்டா பாரு. தினை இடிக்கிற வேலை இனிமே என் தலையில. அடியே, போற இடத்துலயாவது கஞ்சியைத் தீய விடாம காய்ச்சு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

நானும் அந்தப் படுக்கையைப் பார்த்தேன். மருத்துவச்சி என் கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பயமாக இல்லை. பிள்ளை பிழைத்ததே போதும் என்றிருந்தது. தர்சாவை நினைத்தால்தான் பாவமாக இருந்தது.

எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்டாட்டி போனால் புருஷன்தான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரிக்க வேண்டும். அவன் வாயைத் திறந்தான். அந்த ஆட்டு இருமல்கூட வரவில்லை. உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

மாமியார் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்.

"சிரிடா" என்றார் தணிந்த குரலில். "அவளை நடுவழியில நிறுத்திப்புடாத."

இந்தத் தடவை அவர் கிள்ளவில்லை.

"சிரிச்சிடு தர்சா" என்று நானும் சொன்னேன்.

அவன் நேராக ஸீனாவிடம் போனான். பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். பிறகு வாய்விட்டு அழுதான். பசியைச் சொல்லி அழுதான். பனியைச் சொல்லி அழுதான். ஓட்டைக் கூரையையும் விடவில்லை.

கூட்டம் பெருமூச்சு விட்டது. பிறந்த பிள்ளைக்கு அப்பன் அழுவதில் என்ன தப்பு? அதுதானே முறை.

"அப்பன்னா இப்படி அழணும்" என்று பின்னாலிருந்து யாரோ மெச்சினார்கள். மாமியார் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

ஆனால் அவன் பிள்ளையின் முகத்தைக் குனிந்து பார்க்கவே இல்லை. அண்ணாந்து, என்னைப் பார்த்து அழுதான்.

கதவு திறந்துதான் கிடந்தது. எனக்குத்தான் போகக் கால் வரவில்லை.