எழுதினபடியே

"நான் இவளை அடிச்சேனா?" போலீஸ் ஸ்டேஷன் என்றும் பாராமல் ராக்கப்பன் கத்தினான். புகார் கொடுத்த மனைவி முருகேஸ்வரி சுவரோரம் நின்றாள். அவளுடைய டைரியை எஸ்.ஐ. டின்சியின் மேசைமேல் பட்டென்று போட்டான்.

"மூணு வருஷமா ஒரு நாள் விடாம எழுதுறா மேடம். தெனமும் எனக்கு வாசிச்சுக் காட்டலைன்னா விடமாட்டேன். 'என் வீட்டுக்காரர் தங்கமானவர்'னு பக்கத்துக்குப் பக்கம் இருக்கும், பாருங்க!"

டின்சி புரட்டினார். முகம் இறுகியது.

"நீங்களா ஒரு தடவைகூட வாசிச்சதில்லையா?"

"மலையாளத்துல இல்ல எழுதுறா! இவ கேரளாவுல, குமுளியில படிச்சவ. நான் கம்பத்துக்காரன், எனக்குப் பேச மட்டும்தான் வரும்."

மலையாளியான டின்சி ஒரு பக்கத்தைத் தமிழில் சொன்னார். "'குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு விறகுக்கட்டையால அடிச்சார். இடது கையைத் தூக்க முடியலை. இன்னிக்கும் தங்கமானவர்னுதான் வாசிச்சுக் காட்டணும்.'"

"அடியேய்!" ராக்கப்பன் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். இரண்டு போலீஸ்காரர்கள் அவனைப் பிடித்து அமுக்கினார்கள்.

முருகேஸ்வரி நகரவே இல்லை.

"மேடம், ஒரு பேனா குடுங்க. இன்னிக்கு எழுதுறதை எழுதினபடியே வாசிச்சுக் காட்டுறேன். உக்காந்து கேக்கச் சொல்லுங்க."