மூன்றாம் முறை வந்த என்ஜின்

“இறக்காதே! நான் முதல்ல பாக்கணும்!”

கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார் பிளேன்காரர். ஒரு கையில் டார்ச், மறு கையில் பூதக்கண்ணாடி. பின்கதவைத் திறக்கப் போன லாரி டிரைவர் கையை எடுத்துக்கொண்டார்.

டிப்போவில் எல்லோரும் அவரை பிளேன்காரர் என்றுதான் சொன்னார்கள். ஷெட்டில் வைத்துச் சொந்தமாக விமானம் கட்டுகிற வீடு ஊரிலேயே அது ஒன்றுதான். அந்த விமானத்துக்கான என்ஜின் இப்போது லாரியில், மரப்பெட்டிக்குள் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை வாசல்வரை வந்து திரும்பிப் போன பெட்டி.

முதல் முறை லாரியில் சாமானை இறக்கும் பின்பக்க லிஃப்ட் இல்லை. “நாலு பேர் தூக்கிப் போட இதென்ன சிமெண்ட் மூட்டையா? எடுத்துட்டுப் போ” என்றார். நியாயம்தான்.

இரண்டாம் முறை, பெட்டி சாய்ந்தால் சிவப்பாகிவிடும் ஸ்டிக்கர் ஜம்மென்று சிவந்திருந்தது. வழியில் ஒரு பள்ளத்தை டிரைவர் கவனிக்கவில்லை. டிப்போவில் திறந்து பார்த்தபோது என்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. புது ஸ்டிக்கர் ஒட்டி மறுபடி ஏற்றினார்கள்.

“இந்தத் தடவையும் பெட்டியோட திரும்பி வந்தா, சாவியை மேஜை மேல வச்சிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடு” என்றார் மேனேஜர். அவர் விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை.

அதனால் இன்று டிரைவர் லிஃப்ட் வைத்த லாரியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். சைக்கிளில் போனவர்கள்கூட முந்திக்கொண்டு போனார்கள். முன் இரண்டு முறையும் மதியமே வந்து சேர்ந்தவர், இன்று சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார்.

“ஸ்டிக்கர் வெள்ளையா இருக்கு, பாருங்க சார்.”

பார்த்தார். நாலு பக்கமும் பார்த்தார், குனிந்து அடியிலும் பார்த்தார். ஒவ்வொரு பலகையாகப் பூதக்கண்ணாடியை ஓட்டியும் ஒரு கீறல்கூட அகப்படவில்லை. அவர் முகம் இன்னும் வாடிப்போயிற்று.

“இந்த ஆணி வெளியில நீட்டிக்கிட்டிருக்கே?”

“எல்லாப் பெட்டியிலயும் ஒரு ஆணி அப்படித்தான் சார் நீட்டும்.”

“பலகைக்கு மருந்தடிச்ச முத்திரை மங்கலா இருக்கு. நாளைக்குப் பூச்சி வந்தா?”

“வரட்டும் சார். பூச்சி இரும்பையா திங்கப் போகுது?”

ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குகிற ஆள் என்று டிரைவர் மனசுக்குள் திட்டினார். ஆனால் ஒரு மரியாதையும் வந்தது. ஆகாயத்தில் போகிறவனுக்கு இந்தக் கவனம் இருக்கத்தானே வேண்டும்?

பெட்டியை வைக்க இடம் பார்க்கிற சாக்கில் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட்டுடன், மூக்கு இல்லாமல் நின்றது விமானம். சுவரில் கிரீஸ் கறையோடு ஒரு வேலை உடுப்பு தொங்கியது. நெட்டையான பிளேன்காரர் அதைப் போட்டால் முழங்காலோடு நின்றுவிடும். துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார் டிரைவர்.

பிளேன்காரர் அடிக்கடி தெருமுனையைப் பார்த்தார். “எனக்குத் திருப்தியில்லப்பா. எடுத்துட்டுப் போயிடு. சீக்கிரம் கிளம்பு.”

டிரைவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. வீட்டம்மாவுக்குத் தெரியாமல் வாங்கியிருக்கிறார்!

“சார், இதைத் திருப்பி எடுத்துட்டுப் போனா என் வேலையே போயிடும். உங்க காலைப் பிடிக்கிறேன்.”

“உன் கஷ்டம் எனக்குப் புரியுது. என் கஷ்டம்தான் உனக்குப் புரியாது” என்றார் அவர்.

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டோடு இறங்கினாள் ஒரு குள்ளமான பெண்மணி. பிளேன்காரர் பூதக்கண்ணாடியை அவசரமாகச் சட்டைப் பைக்குள் திணித்தார். ஒழிந்தது நம் பிழைப்பு என்று டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“வந்துடுச்சா! எங்கே கையெழுத்துப் போடணும்?”

ரசீதைப் பிடுங்காத குறையாக வாங்கி, மளமளவென்று கையெழுத்துப் போட்டாள் அந்த அம்மாள். அவள் மனம் மாறுவதற்குள் டிரைவர் லிஃப்ட்டை இறக்கி, தள்ளுவண்டியில் பெட்டியை உருட்டி ஷெட்டுக்குள் விட்டுவிட்டார். வேலை தப்பியது. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது அவருக்கு.

“இத்தனை நாளா எங்க சுத்திட்டிருந்தீங்க? உங்க கம்பெனி இழுத்தடிக்குதுன்னு இவர் தினமும் சொல்லிட்டிருந்தாரே!” என்றாள்.

“நாங்க இழுத்தடிக்கல மேடம். ரெண்டு தடவை வாசல் வரைக்கும் வந்தோம், சார்தான் திருப்பி அனுப்பிச்சாரு” என்றார் டிரைவர். இனி யாரையும் தாராளமாகப் புகழலாம். “தப்பு சொல்லல. இவ்வளவு ஜாக்கிரதையான மனுஷன் கட்டுற பிளேன்ல நீங்க கண்ணை மூடிட்டு ஏறலாம் மேடம்!”

அந்த அம்மாள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் பெட்டியின் ஆணியை மறுபடியும் மும்முரமாக ஆராய ஆரம்பித்திருந்தார்.

“பிளேன் கட்டுறதும் ஓட்டப் போறதும் நான் தம்பி. இவர் என் பக்கத்து சீட்டுல உக்காந்து வரப் போறவர்.”