விரல் விடாத அம்பு

பிராங்க்ஃபர்ட் அரங்கில் பியர் வாடை. வட்டப் பலகையில் சிற்றம்பு எறியும் உலக டார்ட்ஸ் போட்டியில் வேல்ஸ் ஜோடி ஜெயிக்க, இரட்டைப் புள்ளி தரும் விளிம்பு வளையத்தில் ஓர் அம்பு தைத்தால் போதும். அந்த ஜோடியில் ஒருவனான கெத்தின், காலையில் நூறு முறை எறிந்த கையை இப்போது மூன்றாம் தடவையாக ஓங்குகிறான். மணிக்கட்டு முன்னே போகிறது, விரல்கள் அம்பை விட மறுக்கின்றன. "பசை தடவிட்டு வந்திருக்கான்டா!" என்று பார்வையாளர்களில் வாழைப்பழ வேடமிட்ட ஜெர்மானியன் ஒருவன் கூவ, கூட்டம் தட்டும் மேசைகள் அதிர்கின்றன. "வீட்ல எறியற மாதிரி விட்டுடு மச்சான்," என்கிறான் பின்னால் நிற்கும் கூட்டாளி எம்லின். மறுபடி ஓங்குகிறான், அம்பு கையிலேயே நிற்கிறது. ஊளையிட்ட கூட்டம் மெல்ல அடங்குகிறது. எதிரணி ஆட்டக்காரர்கள் தரையைப் பார்க்கிறார்கள். "போதும், குடு," என்று எம்லின் உள்ளங்கையை நீட்டுகிறான். கெத்தின் தன் கையை அதன்மேல் வைக்கிறான். அங்கேயும் விரல்கள் திறக்கவில்லை. எம்லின் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்குகிறான்.